49ஆம் நாள் போக ஓர் இடம்

மேல்மலையனூர் அங்காளம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் செய்கிற சத்தியத்துக்குப் பலமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பில்லி, சூனியம், செய்வினை என்று நம்பி வருகிறவர்களோடு, வீட்டில் குடிக்கிற ஆளைக் கையோடு இழுத்து வருகிற குடும்பங்களும் அமாவாசைக் கூட்டத்தில் உண்டு. எலுமிச்சம்பழம் வாங்கி, கையில் கயிறு கட்டி, “இனிமே தொடமாட்டேன் தாயே” என்று சொன்னவர் பல நேரம் ஒரு மண்டலம் தொடாமலே இருந்துவிடுகிறார். 48 நாள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் இருக்கிறார். குடிக்காமல் இருக்க அவரால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிக்கல் 49ஆம் நாள் வருகிறது. கயிறு அவிழ்ந்துவிட்டது, மாலை கழற்றியாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் எந்தப் பக்கம் போகும்? பழைய கூட்டாளிகள் இருக்கிற பக்கம்தான். அந்த ஆறு மணிக்குப் போய் உட்கார வேறோர் இடம் வேண்டும். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ., அப்படிப்பட்ட இடம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரம் தவறாமல் கூடிப் பேசுகிற கூட்டம். மேல்மலையனூர் மாதிரி ஊரிலிருந்து அதைக் கண்டுபிடித்து, பஸ் ஏறி, உள்ளே போய் உட்கார்ந்து, திரும்பி வருவது எப்படி என்பதைச் சொல்கிறேன்.

கூட்டத்தைத் தேடும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருக்கிறதா? ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறதா? அப்படியென்றால் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் நிலைதடுமாறி, இல்லாத பூச்சியைப் பிடிக்கவும் இல்லாத ஆளோடு பேசவும் தொடங்கலாம். நம் பக்கத்தில் இதைப் ‘பேய் பிடித்துவிட்டது’ என்று கோயிலுக்குத் தூக்கி வருவதுண்டு. இது உயிர் போகக்கூடிய நிலை. 108ஐக் கூப்பிடுங்கள். செஞ்சி அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், எது கைக்கு எட்டுமோ அங்கே. நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு, கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். சில நாள் படுக்கையில் இருந்து உடம்பு தெளிந்த பிறகு கூட்டத்துக்குப் போகலாம்.

விடியற்காலை நடுக்கம் இன்னொரு ஆபத்தையும் கொண்டு வருகிறது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. அதுவரை பொறுக்க முடியாதவர் கிடைத்ததைக் குடிப்பார். 2023 மே மாதம் இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், சாராயம் என்று மெத்தனாலைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் செத்தவர்கள் 60 பேருக்கும் மேல்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘குடியை மறக்க, அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று ஒட்டியிருக்கிற நோட்டீஸை நம்ப வேண்டாம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை நிஜமாகவே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். தெரிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தெரியாமல் கொடுத்து, அவரும் தெரியாமல் குடித்தால் உயிருக்கே வினையாகலாம்.

இனி, கூட்டத்தைத் தேடுவது. ஏ.ஏ. பிறந்த கதையே ஒருவர் போன் போட்டுத் தேடிய கதைதான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், ஆக்ரன் என்ற வெளியூரில், வந்த காரியம் கெட்டு ஹோட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் ஹோட்டல் பார், இன்னொரு பக்கம் போன். தன்னைப் போல இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் இன்று தப்பிக்க முடியும் என்று தோன்றி, அங்கே இருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்துப் போன் போடத் தொடங்கினார். ஆள் மாற்றி ஆள் விசாரித்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கிடைத்தார். கால் மணி நேரம்தான் தருவேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதையே ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டது. இந்தியாவுக்கு அது 1957ல் டெல்லி வழியாக வந்தது.

ஆகவே கையில் ஒரு போன் போதும். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசுவார்கள். இரண்டிலும், “எங்க பக்கத்துல ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குது?” என்று நேராகவே கேட்கலாம். இந்திய ஏ.ஏ. தன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைப் போட்டிருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் இவற்றைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கிற ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேட்பது. ஏ.ஏ. உறுப்பினர்கள் வார்டுகளுக்கு வந்து பேசுவது வழக்கம் என்பதால், அவர்களுடைய எண் இவர்கள் போனில் இருக்கும்.

அந்த எண்ணைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“ஹலோ, ஏ.ஏ.ங்களா? ஒரு ஆளுக்காக விசாரிக்கிறேன்.”

“சொல்லுங்கண்ணா. அந்த ஆளு இன்னைக்குக் குடிச்சிருக்காருங்களா?”

“...இல்லீங்க. நேத்து.”

“நேத்துதானா? நல்லதாப் போச்சு. எந்த ஊருண்ணா நீங்க?”

அந்த ‘ஒரு ஆள்’ யார் என்பது எதிர்முனைக்குத் தெரியும். அவரும் ஒரு நாள் அப்படித்தான் விசாரித்திருப்பார். திட்டமாட்டார், புத்தி சொல்லமாட்டார். அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடம், மாடியா கீழா, கூட்டம் தமிழிலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு மனைவி, மக்கள், நண்பர் யாரும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். கிளம்புகிற அன்று காலையில் இன்னொரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தக் கூட்டங்கள் சர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ இரவல் அறையில் நடப்பவை. அங்கே விழா என்றால் அறை மாறிவிடும். கூடிய வரைக்கும், “பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், வாங்க” என்றே சொல்லிவிடுவார்கள். கூச்சப்படாமல் சரி என்று சொல்லுங்கள். தனியாக அந்த வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

தேடும்போது ‘மறுவாழ்வு மையம்’ என்ற பெயரில் வேறு ஆட்களும் சிக்குவார்கள். ஏ.ஏ. யாரையும் வீட்டுக்கு வண்டி அனுப்பித் தூக்கி வராது, பூட்டி வைக்காது, பணம் கேட்காது. இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அது ஏ.ஏ. இல்லை. தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களில் நல்லவையும் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அப்படி ஒன்று. அவர்களே பிறகு டெல்டாவில் மஞ்சக்குடி கிராமத்துக்குப் போய் முகாம் போட்டுச் சிகிச்சை தந்தார்கள். ஆனால் எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமமில்லாமல் நடந்த ஒரு காப்பகத்தைப் பற்றி 2023ல் நம் மாவட்டத்திலேயே எழுந்த புகார்களை யாரும் மறந்திருக்க முடியாது.

போக்குவரத்துக்கு வருவோம். நகரத்துக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மேல்மலையனூர்க்காரருக்குப் பாதிப் போராட்டம் இதுதான். செஞ்சிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அங்கே பஸ் மாறினால் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி. மேற்கே அவலூர்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை. புதுச்சேரி என்றால் செஞ்சியிலிருந்தே 60, 70 கிலோமீட்டர் வந்துவிடும். ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் வேலை முடிந்து மாலையில்தான் தொடங்கும், ஒன்றரை மணி நேரம் ஓடும். போகிற பஸ் கிடைக்கும், திரும்புகிற பஸ்தான் கேள்வி. ஆகவே முதல் தடவைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல் கூட்டம் எங்காவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முன்பே சொல்லிவிட்டு, முடியும் முன் எழுந்து வந்துவிடலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறவர் அங்கே இருக்கமாட்டார். அமாவாசையன்று மட்டும் இந்தத் திட்டமே வேண்டாம். ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு ஸ்பெஷல் பஸ்கள் எல்லாம் ஊருக்குள் வருகிற நாளில், நீங்கள் ஒருவர் வெளியே போய்த் திரும்புவது ஆகாத காரியம். மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கும் இதேதான்.

தனியாகப் போகாதீர்கள் என்றும் சொல்வேன். பஸ் மாறுகிற இடத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும், கடையும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கும். 1948ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது மாகாணத்தின் பிரதமராக, இன்றைய சொல்லில் முதல்வராக, இருந்தவர் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார். அவர் பிறந்த மண்ணில், 2003லிருந்து அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. அந்த அரசியலைப் பேச வேறு இடமுண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு வேண்டியது வயிற்றுக்குச் சாப்பாடும் பக்கத்தில் ஒரு ஆளும். பசியோடு நிற்பவருக்குத்தான் கடை கிட்டத்தில் தெரியும் என்பார்கள் பழைய உறுப்பினர்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு மேசை, சில நாற்காலிகள், சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய ஒரு துணி. பதினைந்து இருபது பேர் இருக்கலாம், ஐந்து பேர் மட்டும் இருக்கலாம். லுங்கியில் ஒருவர், பேன்ட் சட்டையில் ஒருவர், நரைத்த வாத்தியார் போல ஒருவர். முதலில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு தாளைப் படிப்பார்கள். தலைமை ஏற்பவர் என்று ஒருவர் இருப்பார். அவரும் குடித்து நிறுத்தியவர்தான், அதிகாரி கிடையாது. அவர் தொடங்குவார்: “என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி.” எல்லாரும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். முதல் தடவை கேட்பவருக்கு இது நாடகம் மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பொண்டாட்டி தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் பள்ளிக்கூடத்து வாசலில் விழுந்து கிடந்தது, அப்பாவின் கருமாதியன்று நிதானம் இல்லாமல் இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, முடித்ததும் யோசனை சொல்வதும் இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பழகியவர்களுக்கு இதுதான் ஆச்சரியம். நடுவில் சிரிப்பும் வரும். வெளியே சொன்னால் அழுகை வருகிற கதைக்கு உள்ளே இருபது பேர் சிரிப்பார்கள், சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார். உங்கள் முறை வந்தால், “இன்னைக்குக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றால் போதும். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடித்துவிட்டுப் போனால்கூடத் துரத்தமாட்டார்கள். தகராறு செய்யாமல் உட்கார்ந்து கேளுங்கள், இன்று பேச வேண்டாம் என்பார்கள்.

பெயர் மட்டும் போதும், அதுவும் உண்மைப் பெயராக இருக்க வேண்டியதில்லை. வெளியே ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி “யார் வீட்டுப் புள்ள? எந்தத் தெரு?” என்று வரும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அந்த அறையில் அந்த இரண்டாவது கேள்வி வராது. ஏ.ஏ.வின் மரபில் சேருவதற்குத் தகுதி ஒன்றே ஒன்றுதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஊராரும் காலனிக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் துக்கத்தை ஒருவர் கேட்கிற இடம் நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? ஏ.ஏ.வில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். பலர் பயப்படுகிற மாதிரி, தெரிந்த முகம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். வெளியே போய்ச் சொன்னால் அவர் கதையும் சேர்ந்தே வெளிவரும். உள்ளே கேட்டதை உள்ளேயே விட்டுப் போவது அங்கே எழுதாத சட்டம்.

கடவுள் பேச்சு சிலருக்கு இடிக்கும். பன்னிரண்டு படிகளில் தன்னை மீறிய சக்தி ஒன்றைப் பற்றிய பேச்சு வருகிறது, கூட்டம் முடிகிறபோது எல்லாரும் கைகோத்து ஒரு பிரார்த்தனையும் சொல்வார்கள். அந்தச் சக்தி யார் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். அங்காளம்மாவை வைத்துக்கொள்கிறவர் உண்டு. கருப்புச் சட்டை நாத்திகர் ஒருவர் அந்த அறையில் இருக்கிற மனிதர்களையே அந்தச் சக்தியாக வைத்துக்கொண்டாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. பிரார்த்தனை வரும்போது வாயை மூடி நின்றாலும் சரிதான்.

நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுகிற சில்லறை அது. வெளியாரிடம் ஏ.ஏ. நன்கொடை வாங்குவதில்லை. புதிதாக வருகிறவர் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம்.

கூட்டம் முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். நிஜமான கூட்டம் டீ குடிக்கிறபோதுதான் நடக்கிறது. இரண்டு மூன்று பேர் தங்கள் எண்ணைத் தருவார்கள். வாங்கி வைப்பது சுலபம், கூப்பிடுவதுதான் கஷ்டம். அதனால் அன்று ராத்திரியே, ஊர் வந்து இறங்கியதும், ஒருவரைக் கூப்பிட்டு “வந்து சேர்ந்துட்டேண்ணா” என்று சொல்லிவிடுங்கள். நாக்கு வறண்டு கடையை நினைக்கிற நேரத்தில் அந்த எண்ணை அழுத்தக் கை கூசாது. நாளாக நாளாக அவர்களில் ஒருவர் உங்களுக்கு ஸ்பான்சர், அதாவது வழி தெரிந்த மூத்தவர் ஆவார். ஒவ்வொரு வாரமும் பஸ் செலவு முடியாது என்றால், செல்போனிலேயே சேரக்கூடிய தமிழ்க் கூட்டங்கள் கொரோனாவுக்குப் பிறகு நடக்கின்றன. இரண்டு வாரம் போனில், ஒரு வாரம் நேரில் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் அவமானம் என்று பயப்படுகிற பெண்களுக்கு, அவர்களிலும் குடிநோயாளிகள் உண்டு, போன் கூட்டம்தான் முதல் வாசல்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் நாள் தலை வெடிக்கிற மாதிரி இருக்கும், யார் என்ன சொன்னார்கள் என்பதே நினைவிருக்காது. ஓர் ஐந்தாறு கூட்டத்துக்குப் போய்விட்டுப் பிடிக்கவில்லை என்றால் சரி. நடுவில் ஒரு நாள் வழுக்கிக் குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் போய் அதையே சொல்லலாம். கோயிலில் சத்தியம் மீறியவர் அம்மன் முகத்தில் விழிக்கக் கூசி வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார். மீட்டிங்கில் மீறியவருக்குத்தான் முன்வரிசை நாற்காலி. இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2020ல் வெளிவந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வோடு இணைத்து முறைப்படி தரும் சிகிச்சை மற்ற பெயர்பெற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று அது கண்டது. மருந்தையும் மருத்துவரையும் விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மீட்டிங் போகலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் தனியாக ஓர் இடம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951ல் தொடங்கிய அல்-அனான். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ அதற்குப் போகலாம். சட்டைப் பையைத் தேடுவதும், பாட்டிலை ஒளித்து வைப்பதும், முதலாளியிடம் ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்வதுமாக இருந்தவர்கள், அதையெல்லாம் விட்டுவிட்டுத் தூங்குவதற்குப் பழகும் இடம் அது.

இவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதே ஒரு குறைதான். 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மேல்மலையனூரிலேயே ஒரு கூட்டம் வேண்டுமென்றால் அதற்கு யாருடைய ஆர்டரும் தேவையில்லை. குடியை நிறுத்த விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகவே கூடினால் அது ஏ.ஏ. குழு என்பது அவர்களுடைய மூன்றாவது மரபு. விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ சில மாதம் போய்வந்து, குடிக்காமல் கால் ஊன்றிய ஒருவர் போதும். அவர் ஊரில் இன்னொருவரைத் தேட வேண்டும், ஆஸ்பத்திரியில் விசாரித்தால் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஒரு பள்ளி வகுப்பறையையோ கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு அறையையோ கேட்டு வாங்குங்கள். பார் பக்கத்தில் வேண்டாம். டீக்கடை பக்கம் இருந்தால் நல்லது. தமிழில் அச்சான ஏ.ஏ. வெளியீடுகளைப் பழைய குழுவிடம் கேட்டால் தருவார்கள், முதல் சில வாரம் அங்கிருந்து இரண்டு பேர் வந்து உட்காரவும் செய்வார்கள். கிழமையும் நேரமும் மாறக்கூடாது. யாரும் வராத வாரமும் கதவைத் திறந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். கூட்டம் நிலைத்ததும் மும்பையில் உள்ள ஏ.ஏ.வின் பொதுச்சேவை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் பட்டியலில் ஏற்றிக்கொள்வார்கள். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிற மாதங்களை மட்டும் பஞ்சாங்கம் பார்த்து முன்பே குறித்து, அன்றைக்குக் கூட்டம் காலையிலேயே என்று ஒரு மாதத்துக்கு முன்னால் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஊர்த் தெருவில் நடக்கக்கூட இடம் இருக்காது.